வாழைப்பழ கேக்: சர்க்கரையும் எண்ணெயும் குறைத்தால் மேலே காய்கிறது, அடியில் பிசுபிசுக்கிறது. ஏன்?

தேன்சிட்டு எழுதியது:
எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாக நான் செய்யும் வாழைப்பழ கேக்கின் அளவு இது: மைதா 2 கப், சர்க்கரை 1 கப், எண்ணெய் அரை கப், முட்டை 2, பழம் 3, பேக்கிங் சோடா 1 டீஸ்பூன். நன்றாகவே வரும். வீட்டில் எல்லோருக்கும் இனிப்பைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டதால் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். மைதாவுக்குப் பதில் முழுக்கக் கோதுமை மாவு, சர்க்கரை பாதி, எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். அதற்கு ஈடாகப் பழத்தை 5 ஆக்கினேன். வந்தது வேறு ஏதோ. மேல்பகுதி வறண்டு வெடித்திருக்கிறது, அடியில் ஒரு விரல் தடிமனுக்கு வேகாத பசை மாதிரி ஓர் அடுக்கு. ஒரே கேக்கில் வறட்சியும் ஈரமும் எப்படிச் சேர்ந்து வரும்? கூடுதலாக 15 நிமிடம் வைத்தும் அந்த அடுக்கு போகவில்லை.

கரண்டிச்சத்தம் எழுதியது:
5 பழம் என்றால் எத்தனை கிராம்? தோலுரித்த பிறகு எடை போட்டீர்களா? அப்புறம், கலவையை எதில் கலக்கினீர்கள்?

தேன்சிட்டு எழுதியது:
எடை போடவில்லை. நடுத்தர அளவுப் பழங்கள்தான். கை மிக்சரில் 3, 4 நிமிடம் ஓட்டினேன், பஞ்சு போல வரட்டும் என்று.

கரண்டிச்சத்தம் எழுதியது:
அப்படியென்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. மீதியைத் தராசுமுள் வந்து சொல்லட்டும், அவர்தான் கணக்குப் பிள்ளை.

தராசுமுள் எழுதியது:
கூப்பிட்டதற்கு நன்றி. கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தோல் நீக்கிய நடுத்தர வாழைப்பழம் ஒன்று சுமார் 118 கிராம் இருக்கும். அதில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். 3 பழம் போட்டால் ஏறக்குறைய 265 கிராம் தண்ணீர் உள்ளே போகிறது. 5 போட்டால் 440 கிராம். உங்கள் 2 கப் மாவு 250 கிராம்தான். அதாவது மாவைவிட முக்கால் மடங்கு அதிகமாகத் தண்ணீர். முட்டையில் இருப்பது இதற்கு மேல். கோதுமை மாவின் தவிடு தண்ணீரை நன்றாக உறிஞ்சும், உண்மைதான். ஆனால் அது மெதுவாக உறிஞ்சும். கலக்கிய கையோடு ஓவனில் வைத்துவிட்டால் அதற்கு நேரமில்லை. கனமான கூழ் அடியில் இறங்கி அப்படியே இறுகிவிடும். எவ்வளவு நேரம் வைத்தாலும் அது வேகாத மாவு இல்லை, வெந்த பசை. அதனால்தான் கூடுதல் 15 நிமிடம் அடியை ஒன்றும் செய்யவில்லை, மேலே இருந்ததைக் காய வைத்தது.

இரண்டாவது, நாம் வாயில் உணரும் ஈரமும் கலவையில் இருக்கும் தண்ணீரும் ஒன்றல்ல. கேக் மிருதுவாகத் தெரிவதற்கு மூன்று பேர் வேலை செய்கிறார்கள்: தண்ணீர், கொழுப்பு, சர்க்கரை. எண்ணெய் அறை வெப்பத்தில் உறையாது, அதனால் ஆறிய பிறகும் துண்டு நெகிழ்வாக இருக்கும். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைக்கும், முட்டையும் மாவும் சீக்கிரம் இறுகிவிடாமல் தாமதப்படுத்தும், மேல் நிறத்தையும் அது கொடுக்கும். இந்த இரண்டையும் ஒரே நாளில் வெட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் கூட்டினால், நீங்கள் பார்த்ததுதான் வரும்.

மூன்றாவது, அந்த மிக்சர். மாவு ஈரத்தோடு சேர்ந்தவுடன் குளூட்டன் என்ற புரத வலை உருவாகத் தொடங்கும். அடிக்க அடிக்க இழுவை கூடும். ரொட்டிக்கு அது வேண்டும், இதற்கு வேண்டாம். முட்டை, எண்ணெய், சர்க்கரை மூன்றையும் எவ்வளவு வேண்டுமானாலும் அடியுங்கள். மாவு விழுந்த பிறகு கரண்டியால் மடித்துக் கலப்பதோடு நிறுத்துங்கள். அங்கங்கே சின்னக் கட்டி தெரிந்தால் தெரியட்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது.

மஞ்சள்தோல் எழுதியது:
பழத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பழத்தின் பழுப்புதான். காயாக இருக்கும்போது அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறும். மஞ்சளாகப் பளபளக்கும் பழத்தில் செய்துவிட்டு ‘இனிப்பு போதவில்லை’ என்றால் பழம் என்ன செய்யும்? தோலில் பாதிக்கு மேல் கறுப்புப் புள்ளி விழுந்து, தொட்டால் அமுங்க வேண்டும். தோல் முழுக்கக் கறுத்தாலும் பரவாயில்லை. பூஞ்சை இருந்தாலோ, புளித்த சாராய வாடை வந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அவசரத்துக்குத் தோலோடு 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் 15, 20 நிமிடம் வைப்பவர்கள் உண்டு. தோல் கறுத்துப் பழம் குழையும், கொஞ்சம் இனிப்பும் கூடும். ஆனால் தானாகப் பழுத்ததன் வாசனை வராது. அடியில் ஒரு தட்டு வையுங்கள், சாறு ஒழுகும்.

தேன்சிட்டு எழுதியது:
கனிந்த பழத்தை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஒரே தண்ணீராகிறதே, அதைக் கொட்டிவிடலாமா? தராசுமுள் சொன்ன கணக்குப்படி பார்த்தால் அந்தத் தண்ணீர்தானே பிரச்சினை?

மஞ்சள்தோல் எழுதியது:
கொட்டவே கொட்டாதீர்கள்! வாசனை முழுக்க அதில்தான் இருக்கிறது. உறைந்த பழத்தை ஒரு வடிகட்டியில் போட்டு உருக விடுங்கள். கீழே பழுப்பு நிறத்தில் சாறு இறங்கும். அதைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி, பாதிக்கும் கீழே சுண்டும் வரை கொதிக்க விடுங்கள். முதலில் நுரையாகப் பொங்கும், அப்புறம் குமிழிகள் பெரிதாகி மெதுவாக வெடிக்கும், கரண்டியில் லேசாக ஒட்டும். அதுதான் பதம். ஆறியதும் மசித்த பழத்தோடு சேர்த்துவிடுங்கள். தண்ணீர் போய்விட்டது, இனிப்பும் மணமும் மட்டும் மிச்சம். சர்க்கரை குறைந்தது தெரியவே தெரியாது. இந்த முறையில் மட்டும் நீங்கள் 4, 5 பழம் வரை போகலாம்.

தராசுமுள் எழுதியது:
இதை நானும் வழிமொழிகிறேன். இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே உருப்படியான யோசனை.

பசுந்தளிர் எழுதியது:
இவ்வளவு சிரமம் எதற்கு? சர்க்கரையை அடியோடு விட்டுவிட்டுத் தேன் ஊற்றுங்கள். இயற்கையானது, உடம்புக்கு நல்லது. நான் எல்லா இனிப்புக்கும் தேன்தான்.

தராசுமுள் எழுதியது:
பசுந்தளிர், தேனின் மணம் பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள். உடம்புக்காக என்றால் கணக்கு இடிக்கிறது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 16 கலோரி, அதே டீஸ்பூன் தேன் சுமார் 21. தேன் எடை அதிகம், அதனால். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கொடுத்த வழிகாட்டுதலில், குறைக்க வேண்டிய சர்க்கரை என்று வரும் பட்டியலில் தேனும் சர்க்கரைப் பாகும் பழச்சாறும் உண்டு. முழுப் பழத்தில் இருப்பதைத்தான் அதில் சேர்க்கவில்லை. ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், முடிந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே என்கிறார்கள். சராசரிப் பெரியவருக்கு இரண்டாவது அளவு சுமார் 25 கிராம்.

இதை வைத்துத் தேன்சிட்டின் கேக்கைப் பாருங்கள். 1 கப் சர்க்கரை 200 கிராம். 10 துண்டு போட்டால் துண்டுக்கு 20 கிராம். ஒரே துண்டில் நாள் கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது. 100 கிராமுக்கு இறக்கினால் துண்டுக்கு 10. பொருளை மாற்றுவதால் வரும் லாபத்தைவிட அளவைக் குறைப்பதால் வரும் லாபம் மிகப் பெரிது.

பசுந்தளிர் எழுதியது:
சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரையும் தேனும் ஒன்று என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேனில் வேறு சத்துகள் இருக்கின்றன.

தராசுமுள் எழுதியது:
இருக்கின்றன, மிக நுண்ணிய அளவில். கேக்கில் போடும் தேனை நம்பி யாரும் சத்து சேர்க்க முடியாது. சரி, இதில் நாம் இரண்டு பேரும் உடன்பட வேண்டிய அவசியம் இல்லை. செய்முறைக்கு மட்டும் ஒரு குறிப்பு: 1 கப் சர்க்கரைக்கு முக்கால் கப் தேன் போதும். மற்ற திரவத்தைக் கொஞ்சம் குறையுங்கள், ஏனென்றால் தேனிலேயே 17, 18 சதவீதம் தண்ணீர். ஓவன் சூட்டையும் 10, 15 டிகிரி இறக்குங்கள். தேன் சீக்கிரம் கருகும்.

குட்டிச்சுவர் எழுதியது:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 11 மாதக் குழந்தைக்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பே ஒரு சின்ன வாழைப்பழ கேக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். தேன் சேர்க்கலாமா? வேகத்தானே போகிறது?

கரண்டிச்சத்தம் எழுதியது:
வேண்டவே வேண்டாம். 1 வயது முடியாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. தேனில் பாட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கலாம். கேக்கின் நடுப்பகுதி 100 டிகிரியைக்கூடத் தொடாது, அந்த வெப்பத்துக்கு அவை சாகாது. உங்கள் குழந்தைக்குச் சர்க்கரையும் வேண்டாம், தேனும் வேண்டாம். நன்கு கனிந்த பழம், பொடித்த ஓட்ஸ், முட்டை இவை போதும். முட்டை இதுவரை கொடுத்ததில்லை என்றால் முதலில் தனியாகக் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். கேக்கில் உடைத்த கொட்டைகள் எதுவும் போடாதீர்கள், தொண்டையில் சிக்கும்.

குட்டிச்சுவர் எழுதியது:
நல்லவேளை கேட்டேன். நன்றி அக்கா.

அரைத்தட்டு எழுதியது:
எண்ணெய் விஷயத்துக்கு வருவோமா? எனக்கு அதைத்தான் குறைக்க வேண்டும். அரை கப் எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டு ஆப்பிள் கூழ் போடலாம் என்று எங்கோ படித்தேன்.

கரண்டிச்சத்தம் எழுதியது:
முழுக்க எடுத்தால் மென்று முடியாது. கொழுப்புதான் மாவைச் சுற்றிக்கொண்டு குளூட்டன் நீளமாகச் சேராமல் தடுக்கிறது. அது இல்லாவிட்டால் துண்டு ரப்பராக இழுக்கும், மறுநாள் இன்னும் மோசம். பாதியை எடுங்கள், அந்த இடத்தில் கெட்டித் தயிர். தயிரில் புரதமும் கொஞ்சம் கொழுப்பும் இருப்பதால் ஆப்பிள் கூழைவிட நன்றாகத் தாங்கும். அதன் புளிப்பு பேக்கிங் சோடாவுக்கும் துணை. தண்ணீராக இருக்கும் தயிரை ஒரு துணியில் வடித்துக்கொள்ளுங்கள்.

அரைத்தட்டு எழுதியது:
வெண்ணெய் போட்டால்?

கரண்டிச்சத்தம் எழுதியது:
வாசனைக்கு வெண்ணெய், ஈரத்துக்கு எண்ணெய். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆறியதும் இறுகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தின்றால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வால்நட் எழுதியது:
என் சந்தேகம் வேறு. எல்லாவற்றையும் குறைத்துவிட்டு மேலே ஒரு கைப்பிடி சாக்லேட் துண்டும் ஒரு கைப்பிடி கொட்டையும் தூவுகிறோமே, அது கணக்கில் வராதா? (என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.)

தராசுமுள் எழுதியது:
வரும். 100 கிராம் வால்நட் சுமார் 650 கலோரி. ஆனால் அது நல்ல கொழுப்பு, மெல்ல வைக்கும், பசியும் அடங்கும். நான் அதை வெட்ட மாட்டேன், 40, 50 கிராமோடு நிறுத்துவேன். சாக்லேட் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பெரிய துண்டுகளுக்குப் பதில் கத்தியால் பொடியாக நறுக்குங்கள். குறைந்த அளவே எல்லாத் துண்டிலும் பரவும்.

மைதாவிரோதி எழுதியது:
எல்லோரும் சொல்வதைப் பார்த்தால் கோதுமை மாவு வேண்டாம் என்றே முடியும் போலிருக்கிறதே. மைதாவுக்குத் திரும்பச் சொல்கிறீர்களா?

தராசுமுள் எழுதியது:
இல்லை, பாதிப் பாதி. முழுக்கக் கோதுமையும் முடியும், ஆனால் ஊற வைக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: கலவையை ஊற வைத்தால் பேக்கிங் சோடா அந்த நேரத்திலேயே பொங்கித் தீர்ந்துவிடும், ஓவனுக்குள் போகும்போது ஒன்றும் இருக்காது. அதனால் கோதுமை மாவை மட்டும் தயிர், மசித்த பழத்தோடு சேர்த்து 20 நிமிடம் மூடி வையுங்கள். தவிடு அதற்குள் மெத்தென்று ஆகிவிடும். பிறகு முட்டை, எண்ணெய், சர்க்கரை, கடைசியாகச் சோடா கலந்த மைதா. கலந்ததும் தாமதிக்காமல் ஓவன்.

தேன்சிட்டு எழுதியது:
சரி, எல்லாம் தலையில் சுற்றுகிறது. யாராவது முழு அளவையும் ஒரே இடத்தில் எழுதிவிடுங்களேன்.

கரண்டிச்சத்தம் எழுதியது:
9க்கு 5 அங்குல லோஃப் டின்னுக்கு நான் போடும் அளவு இது. மசித்த பழம் 340 கிராம், கோதுமை மாவு 100 கிராம், மைதா 100 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம், எண்ணெய் 60 மில்லி, கெட்டித் தயிர் 60 கிராம், முட்டை 2, பேக்கிங் சோடா 1 டீஸ்பூன் தலைதட்டி, உப்பு அரை டீஸ்பூன், லவங்கப்பட்டைத் தூள் 1 டீஸ்பூன். வெனிலா இருந்தால் கொஞ்சம். உப்பை விட்டுவிடாதீர்கள், சர்க்கரை குறைந்த கேக்கில் அது இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். லவங்கப்பட்டையும் அப்படித்தான், நாக்கை இனிப்பு என்று நம்ப வைக்கும்.

மாவு ஊற வைப்பது தராசுமுள் சொன்னபடி. ஓவன் 175 டிகிரி, முன்கூட்டியே சூடாகியிருக்க வேண்டும். 55 நிமிடத்தில் பார்க்க ஆரம்பியுங்கள். குச்சி குத்தினால் ஈரத் துகள் ஒட்டலாம், பளபளக்கும் மாவு ஒட்டக் கூடாது. சில சமயம் குச்சி நேராகப் பழத்துண்டில் இறங்கி ஏமாற்றும், அதனால் இரண்டு இடத்தில் குத்துங்கள். வெப்பமானி இருந்தால் நடுவில் 93 முதல் 96 டிகிரி. மேலே சீக்கிரம் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். கண்ணாடிப் பாத்திரம் என்றால் 15 டிகிரி குறைவாக வையுங்கள், நேரம் கூடும்.

10 நிமிடம் டின்னிலேயே இருக்கட்டும், பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். முழுக்க ஆறிய பிறகு இறுக்கமாகச் சுற்றி வைத்து மறுநாள் வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் நல்ல கேக்கும் பிசுபிசுப்பாகத்தான் தெரியும்.

சைவவயிறு எழுதியது:
முட்டை இல்லாமல்?

கரண்டிச்சத்தம் எழுதியது:
ஒரு முட்டைக்கு 1 டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியும் 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரும் கலந்து 10 நிமிடம் வையுங்கள், வழுவழுவென்று ஆகும். கேக் கொஞ்சம் அடர்த்தியாகத்தான் வரும், உயரம் எதிர்பார்க்காதீர்கள். முட்டைக்குப் பதில் இன்னும் கொஞ்சம் பழம் என்று மட்டும் போய்விடாதீர்கள், இந்த இழை தொடங்கிய இடத்துக்கே போய்ச் சேருவீர்கள்.

பகல்தூக்கம் எழுதியது:
ஓவனே வேண்டாம் என்பவர்களுக்கு: கனிந்த பழத்தை வில்லைகளாக நறுக்கி, ஒட்டாமல் பரப்பிக் கல்லாக உறைய வையுங்கள். பிறகு மிக்சியில் அடியுங்கள். முதலில் பொடிப்பொடியாக உதிரும், மிக்சி திணறும், இது ஆகாது என்று தோன்றும். நிறுத்தி ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். திடீரென்று திரண்டு ஐஸ்கிரீம் மாதிரி சுருளும். சர்க்கரை, பால், எதுவும் இல்லை. ஒரு ஸ்பூன் கோகோ பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டால் விருந்தாளிக்கே வைக்கலாம். உடனே சாப்பிட வேண்டும், திரும்ப உறைய வைத்தால் பாறை.

அரைத்தட்டு எழுதியது:
இது அருமை. ஓட்ஸும் பழமும் மட்டும் வைத்து பிஸ்கட் செய்வார்களே, அது எப்படி?

பகல்தூக்கம் எழுதியது:
2 பழம், 1 கப் ஓட்ஸ், 175 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். பிஸ்கட் என்ற பெயரை நம்பி மொறுமொறுப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மெத்தென்றுதான் இருக்கும். காலைச் சிற்றுண்டிக்கு நன்று, இனிப்பு ஏக்கத்துக்கு உதவாது என்பது என் கட்சி.

இரவுக்காவலர் எழுதியது:
என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறும் உண்டு. மேலே உள்ள 100 கிராம் சர்க்கரை அளவு அவருக்குச் சரியாக இருக்குமா?

தராசுமுள் எழுதியது:
இதை இங்கே முடிவு செய்யாதீர்கள் ஐயா. மாவும் பழமும்கூட ரத்தச் சர்க்கரையை ஏற்றும், சேர்த்த சர்க்கரையை மட்டும் பார்த்தால் போதாது. அதோடு 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 358 மில்லிகிராம் பொட்டாசியம். சிறுநீரகம் சரியில்லாத பலருக்கு அதைக் கட்டுப்படுத்தச் சொல்வார்கள். அவருடைய மருத்துவரிடமோ உணவு ஆலோசகரிடமோ கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

தேன்சிட்டு எழுதியது:
கடைசியாக ஒன்று. ஒரு முழு லோஃப் செய்தால் கண்ணில் படும்போதெல்லாம் கை போகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் காய்ந்தும் போகிறது.

மஞ்சள்தோல் எழுதியது:
ஃப்ரிட்ஜ் குளிரில் மாவுச்சத்து வெளியில் இருப்பதைவிட வேகமாக இறுகும், அதனால்தான். 2 நாளில் தின்பதை மூடிய டப்பாவில் வெளியே வையுங்கள். மீதியை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டால் 2, 3 மாதம் தாங்கும். வேண்டும்போது ஒன்றை எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தால் போதும். அவசரம் என்றால் உறைந்த துண்டை நேரே டோஸ்டரில் போடலாம். சாக்லேட் சேர்த்திருந்தால் மட்டும் அது வேண்டாம், உருகிக் கம்பியில் ஒழுகிக் கருகும்.